கம்பிக்கு முன்னால் கணக்கு: அண்டை நாடுகளின் மின் ஆய்வை யாரிடம் ஒப்படைப்பது?

மதுரைக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே மின்கம்பி இழுக்கும் பேச்சு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. 2002ல் அமெரிக்க உதவிப் பணத்தில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. 2010 ஜூனில் இரண்டு அரசுகளும் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் பவர் கிரிட் நிறுவனமும் சாத்தியக்கூறு ஆய்வுக்குக் கையெழுத்திட்டன. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் மறுபடியும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம். கம்பி மட்டும் இன்னும் வரவில்லை.

பணம், அரசியல், பயம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: இரண்டு கரையும் ஒருசேர நம்புகிற ஒரு கணக்கு நம்மிடம் இல்லை.

காற்றையே எடுத்துக்கொள்வோம். வைகாசி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று கிளம்பிவிடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சும்மா சொல்லிவைக்கவில்லை. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி வைகாசி முதல் புரட்டாசி வரையான ஐந்து மாதத்தில்தான் வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் அதே மாதங்களில்தான் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிறது. அங்கே மின்சார சபை அமைத்த 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலையும் அப்போதுதான் வேகமாகச் சுற்றும். இரண்டு பக்கமும் ஒரே காற்று என்றால் யார் யாருக்கு விற்பது? கடிகாரமும் ஒன்றே என்பதால் விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் தேவை சேர்ந்தே ஏறும். ஆனால் மார்கழி, தையில் மன்னாரில் வாடைக்காற்று அடிக்கும்போது தமிழகக் காற்றாலைகள் பெரும்பாலும் ஓய்ந்து கிடக்கும். அப்போது கொடுக்கல் வாங்கலுக்கு இடம் இருக்கலாம்.

இன்னொன்று. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை மிகவும் குறைந்துவிடும் என்பதால், கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் கொடுத்த மின்சாரத்தை வாங்க ஆளில்லை. கம்பி இருந்திருந்தால் இந்தப் பக்கம் அனுப்பியிருக்கலாமே என்று உடனே தோன்றும். தமிழ்நாட்டுக்கு அது கோடை, ஏசி ஓடும் காலம். 2024 மே 2 அன்று இங்கே தேவை 20,830 மெகாவாட் வரை போனது. ஆனால் சித்திரை ஒன்று இங்கேயும் விடுமுறைதானே? நண்பகல் வெயில் இங்கேயும் அடிக்கிறதே? அந்த ஒரு வாரத்தின் நண்பகல்களில் லாபமா நட்டமா என்பது மணிக்கு மணி பார்த்தால்தான் தெரியும். ஒரு நாட்டின் ஏட்டை மட்டும் புரட்டிப் பயனில்லை.

ஆகவே நான் கேட்கிற கேள்வி, எந்த மின்நிலையம் நல்லது, எந்தக் கம்பி மலிவு என்பது அல்ல. அதற்கு ஒரு படி முன்னால் இருப்பது: தெற்காசியாவில் அண்டை நாடுகளுக்கான எரிசக்தி ஆய்வை யார் செய்வது, யார் காசில் செய்வது? உலகத்தில் இதற்கு நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதல் வழி, அவரவர் வீட்டுக் கணக்கை அவரவர் போட்டுக்கொள்வது. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேசிய மின்திட்டம் எழுதுகிறது. இலங்கையில் மின்சார சபை நீண்டகால உற்பத்தித் திட்டம் எழுதி வந்திருக்கிறது. இந்த வேலையைச் செய்கிற பொறியாளர்கள் தங்கள் கட்டமைப்பைக் கைரேகை போல அறிந்தவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இப்படிப்பட்ட திட்டத்தில் பக்கத்து நாடு பெரும்பாலும் ஒற்றை வரியாகத்தான் நிற்கும்: இத்தனை மெகாவாட் வரும், இன்ன விலைக்கு வரும். அந்த நாட்டில் அதே மாதம் வறட்சியா, தேர்தலா, காற்றா என்பதெல்லாம் அந்த வரிக்குள் வராது. இலங்கை போன்ற நாட்டுக்கு இது பெரிய சிக்கல். அதன் உச்சத் தேவையே 3,000 மெகாவாட் சுற்றுவட்டத்தில் இருக்கிறது; பேசப்படுகிற இணைப்போ முதலில் 500, பிறகு 1,000 மெகாவாட். தேவையில் மூன்றில் ஒரு பங்கை ஒரு கம்பியில் தொங்கவிடுவதற்கு முன் அந்தக் கம்பியின் மறுமுனையைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா? தனித்தனி ஆய்வு அடித்தளமாக இருக்கட்டும். அதுவே போதும் என்று விட முடியாது.

இரண்டாவது வழிதான் நமக்கு மிகவும் பழகியது: கடன் கொடுப்பவரோ உதவி கொடுப்பவரோ காசு போடுவார், ஆலோசகர்கள் வருவார்கள், அறிக்கை வரும். இதை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. தெற்காசிய மின்பகிர்வு பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் கணிசமானது இப்படித்தான் கிடைத்தது. 2000ல் தொடங்கிய அமெரிக்க உதவித் திட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் எட்டு நாட்டு அதிகாரிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தது. உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2015ல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. தெற்காசிய நாடுகள் தடையின்றி மின்சாரம் பகிர்ந்துகொண்டால் 2015 முதல் 2040 வரை 226 பில்லியன் டாலர் மிச்சமாகும் என்று அது சொன்னது. கண்ணைப் பறிக்கிற தொகை. ஆனால் அதைப் படித்துவிட்டு எந்த அமைச்சரும் ஓடிப்போய்க் கம்பி இழுக்கவில்லை. எட்டு நாட்டுக்கும் சேர்த்து வந்த மிச்சம் அது; என் நாட்டுக்கு எவ்வளவு, எந்த மாதத்தில், என் மின்கட்டணம் ஏறுமா இறங்குமா என்பதுதான் அமைச்சருக்கு வேண்டும். அதை அவருக்கு அவருடைய ஆட்களே கணக்குப் போட்டுக் காட்டினால்தான் நம்புவார்.

இந்த வழியில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது வங்கதேசத்தின் கதை. அங்கே 2010லும் 2016லும் மின்துறைப் பெருந்திட்டங்களை ஜப்பானிய உதவி நிறுவனம் எழுத உதவியது. 2023ல் வந்த ஒருங்கிணைந்த எரிசக்திப் பெருந்திட்டத்துக்கும் அதே உதவிதான்; கணக்குகளைப் போட்டது ஒரு ஜப்பானிய ஆய்வு நிறுவனம். முந்தைய திட்டங்களில் இறக்குமதி நிலக்கரி பெரிய இடத்தில் இருந்தது, மாதர்பாரி நிலக்கரி மின்நிலையம் ஜப்பான் கடனில் எழுந்தது. 2023 திட்டத்தில் திரவ எரிவாயுவும் ஹைட்ரஜனும் அமோனியாவும் முன்னால் வந்து நின்றன. எதிர்காலத் தேவையை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று அங்குள்ள ஆய்வாளர்களே கடுமையாக எழுதினார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று வங்கதேசம் உற்பத்தி செய்த சாதனை அளவு 16,477 மெகாவாட். அப்போது நிறுவியிருந்த திறன் 26,000 மெகாவாட்டுக்கும் மேல். ஓடாமல் நிற்கும் நிலையத்துக்கும் ஒப்பந்தப்படி பணம் கட்டியாக வேண்டும். யாரோ கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கைப் போடுகிறவருடைய நாட்டிலேயே கடனும் இயந்திரமும் விற்பனைக்கு இருந்தால், கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று கவலைப்படுவதற்கு உரிமை இருக்கிறது.

அப்புறம், கொடுப்பவர் ஒரு நாள் எழுந்து போய்விடுவார். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் இணையதளமே அணைந்தது. ஜூலை 1 அன்று அந்த நிறுவனமும் முடிந்தது. இருபது ஆண்டு உழைப்பில் சேர்ந்த அனுபவமும் பழகிய முகங்களும் இப்போது எந்தக் கூரையின் கீழ் இருக்கின்றன? நம் வீட்டுக் கணக்கு நோட்டை அடுத்தவர் அலமாரியில் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

மூன்றாவது வழி, அரசுகள் சேர்ந்து ஒரு மண்டல மையம் வைப்பது. நம்மிடம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது: இஸ்லாமாபாத்தில் 2006 முதல் சார்க் எரிசக்தி மையம். 2014 நவம்பரில் காத்மாண்டு உச்சிமாநாட்டில் மின்பகிர்வுக்கான கட்டமைப்பு ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானது. அதற்குப் பிறகு சார்க் உச்சிமாநாடே நடக்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

ஆனால் இதே வழி தென்கிழக்கு ஆசியாவில் மெல்ல நடந்துகொண்டிருக்கிறது. ஆசியான் எரிசக்தி மையம் 1999 முதல் ஜகார்த்தாவில் இயங்குகிறது. மண்டல மின் இணைப்புக்கான பெருந்திட்ட ஆய்வை அங்கே இதுவரை மூன்று முறை செய்திருக்கிறார்கள். முதலாவது 2003ல், இரண்டாவது 2010ல். எந்த இரண்டு நாட்டுக்கு நடுவே கம்பி போட்டால் பயன் என்பதை அந்தந்த நாட்டு மின்நிறுவனங்களையே உட்காரவைத்துப் பார்த்தார்கள். 2022 ஜூன் 23 அன்று லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்தையும் மலேசியாவையும் தாண்டி சிங்கப்பூருக்குப் போனது, 100 மெகாவாட் வரை. ஏற்கெனவே இருந்த கம்பிகளிலேயே போனது. நான்கு நாடுகள் 2014ல் பேச ஆரம்பித்தது எட்டு ஆண்டில் கைகூடியது. மெதுவா? மெதுவேதான். எல்லாரும் தலையசைத்தால்தான் ஒரு அடி வைக்கலாம் என்பது அவர்கள் வழக்கம், அதனால் ஆய்விலும் யாரையும் சங்கடப்படுத்தும் முடிவு வெளியே வருவது அரிது. ஆனாலும் அது அவர்களுடைய சொந்தக் கணக்கு.

நான்காவது வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மனம் அங்கேதான் போகிறது. டென்மார்க், சுவீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் 1985ல் ஒரு கூட்டு எரிசக்தி ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கின. 1999ல் அது நிரந்தர நிறுவனமானது, அலுவலகம் ஆஸ்லோவில். அதன் உயிர்நாடி ஒரு பொது உண்டியல். ஒவ்வொரு நாடும் தன் பொருளாதாரத்தின் அளவுக்கு ஏற்ப அதில் பணம் போடுகிறது. போட்ட பணம் திரும்பத் தன் நாட்டுக்கே வரவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஆய்வு முன்மொழிவு சிறந்ததோ அதற்குப் போகும். வழக்கமாக ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: குறைந்தது மூன்று நாட்டு ஆய்வாளர்கள் அந்த முன்மொழிவில் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த மூன்று நாட்டு விதி சாதாரணமாகத் தெரியலாம். யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் அது பேரம். மூன்றாவது ஆள் வந்துவிட்டால் தன் எண்களை விளக்கியாக வேண்டும், அடுத்தவர் எண்களைக் கேள்வி கேட்டாக வேண்டும். இப்படி ஆராய்ச்சி மாணவராக ஒன்றாகக் கணக்குப் போட்டவர்கள் பத்து ஆண்டு கழித்து அமைச்சகத்திலும் மின்நிறுவனத்திலும் ஒழுங்குமுறை ஆணையத்திலும் அமர்கிறார்கள். அப்போது பக்கத்து நாட்டிலிருந்து ஒரு எண் வந்தால், அதைப் போட்டவர் யார், எப்படிப் போடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு ஆய்வு அறிக்கையைவிட இது நீடித்து நிற்கும் பலன்.

அவர்களுக்கு இயற்கை துணை நின்றது என்பதும் உண்மைதான். நார்வேக்குத் தண்ணீர், ஐரோப்பாவின் நீர்த்தேக்கக் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதி அங்கேதான் இருக்கிறது. டென்மார்க்குக்குக் காற்று, அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. காற்று அடிக்கும்போது நார்வே அணையை மூடிவைத்து டென்மார்க்கிடம் வாங்கும், காற்று நின்றால் மதகைத் திறக்கும். 1970களிலேயே இரண்டுக்கும் நடுவே கடலடிக் கம்பி போட்டுவிட்டார்கள். 1996ல் நார்வேயும் சுவீடனும் ஒரே மின்சந்தையானார்கள், 2000க்குள் பின்லாந்தும் டென்மார்க்கும் முழுதாக உள்ளே வந்தன. 2013லும் 2016லும் சர்வதேச எரிசக்தி முகமையோடு சேர்ந்து, 2050க்குள் கரிம உமிழ்வை ஒழிக்க ஐந்து நாடும் சேர்ந்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரே மாதிரிக் கணக்கில் பார்த்தார்கள். ஐந்து தலைநகரிலும் ஒரே அறிக்கை மேசைமேல் இருந்தது. நம் பக்கம் இரண்டு தலைநகரில்கூட அப்படி ஒரு அறிக்கை மேசைமேல் இருந்து நான் பார்த்ததில்லை.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2021ல் நார்வே ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,400 மெகாவாட் கம்பி போட்டு முடித்தது. அதே ஆண்டு இறுதியில் ஐரோப்பாவில் எரிவாயு விலை வெடித்தது, தெற்கு நார்வே மக்களின் மின்கட்டணமும் கூடவே எகிறியது. அரசு மானியம் கொடுத்தும் கோபம் அடங்கவில்லை. எரிசக்தி விதிகள் பற்றிய சண்டையில் 2025 ஜனவரியில் ஒரு கட்சி கூட்டணியை விட்டே வெளியேறியது. மொத்தத்தில் லாபம் என்று ஆய்வு சொல்லலாம். அந்த லாபம் அணைக்குச் சொந்தக்காரருக்குப் போய், கட்டணம் குளிரில் ஹீட்டர் போடும் குடும்பத்துக்கு வந்தால் அந்தக் குடும்பம் ஏன் சம்மதிக்க வேண்டும்? லாபம் யாருக்குப் போகும் என்ற கேள்வியை ஆய்வின் முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

சரி, நமக்கு எது பொருந்தும்? பொது உண்டியல் முறையை அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாது. அந்த ஐந்து வட ஐரோப்பிய நாடுகளில் பெரியது சுவீடன், அதன் பங்கு மூன்றில் ஒன்றுதான். தெற்காசியப் பொருளாதாரத்தில் இந்தியா மட்டும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. அளவுக்கேற்பப் பணம் போட்டால் உண்டியல் இந்தியாவுடையது ஆகிவிடும். அதிலிருந்து வரும் எந்த எண்ணையும் கொழும்பிலும் டாக்காவிலும் காத்மாண்டுவிலும் சந்தேகமாகவே பார்ப்பார்கள். சின்ன நாட்டின் இந்த அச்சம் வீண் பயம் இல்லை. நேபாளமும் வங்கதேசமும் எரிசக்தி ஒத்துழைப்புக்கு 2018ல் கைகுலுக்கின. இடையில் இந்தியாவின் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். 2024 அக்டோபர் 3 அன்றுதான் மூன்று நாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு ஆண்டுக்குப் பிறகு கிடைத்தது 40 மெகாவாட், அதுவும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும். மழைக்காலத்தில் நேபாள ஆறுகளில் தண்ணீர் புரள்கிறது, அதே நேரம் வங்கதேசம் வெக்கையில் தவிக்கிறது. குளிர்காலத்தில் நேபாளத்துக்குப் பற்றாக்குறை, வங்கதேசத்தில் தேவை இறங்கிவிடும். நார்வே, டென்மார்க் போலவே இதுவும் பொருத்தமான ஜோடி. இதற்கு 40 என்பது தொடக்கம்கூட இல்லை.

அதனால் என் தேர்வு இது. ஜகார்த்தாவிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: மின்நிறுவனங்களே உள்ளே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் உண்மையான தரவு வெளியே வராது. மற்றதெல்லாம் ஆஸ்லோவிடமிருந்து. இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை என்று ஏற்கெனவே கம்பியாலோ பேச்சாலோ இணைந்திருக்கும் ஐந்து நாடுகளோடு ஆரம்பிக்கலாம். இந்தியா அதிகம் போடட்டும், ஆனால் வாக்கு எல்லாருக்கும் ஒன்று. அலுவலகம் இந்தியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்புக்கு எரிசக்தி மையம் பெங்களூரு என்று முடிவாகியிருப்பது தெரியும். நல்ல ஆய்வுக்கூடங்கள் உள்ள ஊர்தான். ஆனாலும் எனக்குக் காத்மாண்டுதான் சரியாகப் படுகிறது. அங்கே 1983 முதல் இமயமலை நாடுகளுக்கான மலை ஆய்வு மையம் இருக்கிறது. இந்தியா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் அதில் ஒன்றாக உறுப்பினர்கள். ஆக, நம் மண்டலத்தில் கூட்டு அறிவியல் நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனிப்பாறை ஏரி உடைந்து 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்று அணையை அடித்துக்கொண்டு போனதே, 2025 ஜூலையில் ரசுவாவில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த வெள்ளம் நேபாள மின்நிலையங்களைத் தாக்கியதே, இந்த ஆபத்தெல்லாம் எந்த ஒரு நாட்டின் மின்திட்டத்துக்குள்ளும் அடங்குமா?

தரவு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொதுப் பணத்தில் போட்ட கணினி மாதிரியும், மணிவாரி உற்பத்தி, தேவை எண்களும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவி அதை இறக்கி, இந்தக் கணக்கில் இங்கே தப்பு இருக்கிறது என்று சொல்ல முடிய வேண்டும். உதவிப் பணம் வந்தாலும் வரட்டும். உண்டியலில் விழட்டும், எந்த ஆய்வு என்று தேர்ந்தெடுப்பது மட்டும் கொடுத்தவர் கையில் இருக்கக் கூடாது.

முதல் வேலைக்குப் பெரிய பணமும் வேண்டாம். சென்னை பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. இலங்கையில் நிலைபேறான எரிசக்தி அதிகாரசபை இருக்கிறது. ஆரல்வாய்மொழியின் பத்தாண்டு காற்றையும் மன்னாரின் பத்தாண்டு காற்றையும் மணிக்கு மணி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே இரண்டு பக்கத்து மின்தேவையையும் வரைந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யக் கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் அரசுப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. மூன்றாவது நாட்டுக்கு தூலிகேலில் உள்ள காத்மாண்டு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வரட்டும், ஆரல்வாய்மொழியிலோ மன்னாரிலோ சொந்தம் ஏதும் இல்லாதவர்களாக.